வேண்டும் ஒரு வண்டிப்பேட்டை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மனிதன் சக்கரத்தைக் கண்ட நாள்தொட்டே அவனுடைய வீடும் சற்று நகரத் தொடங்கிவிட்டது எனலாம். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயை விரித்துத் திருவிழாவுக்குப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டியர். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்து உறங்கியவர்களும் அவர்களே. அந்தப் பழைய பழக்கம் இன்று புதுச் சட்டை அணிந்து வந்திருக்கிறது. காரின் கூரைமேல் மடித்து வைத்த ஒரு கூடாரம். மாலையில் வண்டியை நிறுத்திக் கொக்கியை விடுவித்து ஏணியைச் சாய்த்தால், சில நிமிடங்களில் மெத்தையோடு ஒரு படுக்கையறை! விடுதியில் இரவு பத்து மணிக்குமேல் கைப்பேசித் திரையில் இக்காட்சி ஓடாத அறையே இல்லை. "வேலை கிடைத்ததும் பழைய ஜீப் ஒன்று வாங்கி, மேலே கூடாரம் போட்டுக் காஷ்மீர் வரை போகப் போகிறேன்" என்று சொல்லாத நண்பனும் இல்லை.

இந்த ஆசையைப் பழிப்பது என் நோக்கம் அன்று. நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்பாத இளைஞன் பாடப் புத்தகத்தை மட்டும் படித்து என்ன பயன்? விடுதி அறைக்கு வாடகை கொடுக்க இயலாதவனும் நாலு ஊர் பார்க்கலாம் என்றால் அது நல்லதே. ஆயினும், ஆசைக்கும் பயணத்துக்கும் இடையே மூன்று கேள்விகள் நிற்கின்றன. மேலே எதைத் தூக்கி வைக்கிறோம்? எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறோம்? நமக்கு முன்பே வண்டியில் படுத்துறங்குகிறவர்கள் யார்? இம்மூன்றையும் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே எழுதுகிறேன்.

கூடாரம் கூரை ஏறிய கதை

தரையில் கூடாரம் அடிப்பது பழங்காலத்து வழக்கம். அதைக் காரின் தலைமேல் ஏற்றியது இருபதாம் நூற்றாண்டு. இத்தாலியில் 1958-இல் வெளிவந்த 'மஜோலினா' என்னும் கூரைக் கூடாரம் இவ்வகையில் புகழ்பெற்ற முன்னோடி. பின்னர் ஆப்பிரிக்கக் காட்டுப் பாதைகளிலும் ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளிகளிலும் இது பெரிதும் பரவியது. பாம்பும் தேளும் ஊரும் நிலத்தில், ஈரமும் கல்லும் முள்ளும் உள்ள நிலத்தில், தரையைவிட்டு ஆறடி உயரத்தில் படுப்பது வசதிதானே.

எனக்கு மிகவும் பிடித்தது கிழக்கு ஜெர்மனியின் கதை. அந்நாட்டில் 'டிராபண்ட்' என்றொரு சிறு கார் இருந்தது. அதன் எஞ்சின் 26 குதிரைத் திறன். எடை ஏறக்குறைய 600 கிலோ. நம் ஊரில் ஓடும் சாதாரணச் சிறு கார்களைவிடவும் எளிய வண்டி. அதன் கூரைக்கும் 1970-களில் ஒருவர் கூடாரம் செய்துவிட்டார்! விடுதிகளில் எளிதில் இடம் கிடைக்காத அந்நாட்டு மக்கள், கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் அதை ஓட்டிச் சென்று மேலே ஏறிப் படுத்தார்கள். ஊர் பார்க்கப் பெரிய வண்டி வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், உயரமான டயர் வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தச் சின்னஞ்சிறு காரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எடை என்னும் எதிரி

இனி, நான் படிக்கும் பாடத்துக்கு வருகிறேன். ஈர்ப்பு மையம் என்பதை முதலாண்டிலேயே நாம் எல்லோரும் எழுதித் தேறியிருக்கிறோம். அதைக் கூரைக் கூடாரத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு காரின் எடை 1,500 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து 75 கிலோ. அவை 195 செ.மீ. உயரத்தில் அமர்கின்றன. கணக்குப் போட்டால் புதிய ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 71 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடுகிறது. வண்டியின் எடை கூடியது 5 விழுக்காடே. ஈர்ப்பு மையத்தின் உயரம் கூடியதோ 9 விழுக்காட்டுக்கும் மேல்! வளைவில் ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் ஆற்றலை, இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து ஓரளவு அறியலாம். அகலம் 150 செ.மீ. என்றால், அந்த எண் 1.15-லிருந்து 1.05-க்கு இறங்குகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறவன் இந்த இறக்கத்தை அறியாமல் ஏறக் கூடாது.

அதே 75 கிலோவைக் காருக்குள் தரையோரமாக, 50 செ.மீ. உயரத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஈர்ப்பு மையம் முன்னிருந்ததைவிடச் சற்றே தாழ்ந்து 64 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். ஆகவே தண்ணீர் கேன், மின்கலம், அடுப்பு, கருவிப்பெட்டி ஆகியவை அனைத்தும் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் இடையே, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு இருக்க வேண்டும். மேலே இருக்க வேண்டியது மேலேதான் இருக்க முடியும் என்பவை மட்டுமே.

இன்னொரு ஐயமும் எழும். 'கூரை 75 கிலோதான் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே, இரவில் இரண்டு பேர் ஏறிப் படுத்தால் 200 கிலோ ஆகிவிடாதா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். கையேட்டில் தருவது ஓடும் வண்டிக்கான அளவு. பல கார்களில் அது 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். தாங்கு சட்டத்தின் எடையும் அதற்குள் அடக்கம். ஓடும் வண்டி குழியில் விழுந்து எழும்போது, ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான முடுக்கம் மேல்நோக்கி வந்தால், 75 கிலோ பொருள் 150 கிலோவைப் போலக் கூரையை அழுத்தும். திடீரென்று பிரேக் போட்டால் அது முன்னோக்கிப் பாயப் பார்க்கும். வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். நின்ற வண்டியில் இத்தொல்லைகள் இல்லை. எனவே நிற்கும்போது அதே கூரை ஓடும் அளவைப்போலப் பல மடங்கு தாங்குகிறது. இதை அறியாமல் அஞ்சுவதும் தவறு. இதை அறிந்துவிட்டோம் என்று ஓடும் வண்டியின் தலையில் மூட்டை முடிச்சை அடுக்குவது அதைவிடத் தவறு.

காற்றும் சும்மா விடுவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறவன் 100 கி.மீ.க்கு ஏறினால், எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கூரைமேல் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு விரைவது, காற்றுக்கு வரி கட்டிக்கொண்டே போவதாகும். மெதுவாகப் போகிறவனுக்கு டீசல் மிச்சம். ஊரும் கண்ணுக்குத் தெரியும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

வண்டியைச் சீரமைப்பது என்றாலே கடைக்குப் போய் எதையாவது வாங்கி மாட்டுவது என்று இன்று பொருளாகிவிட்டது. என் கருத்தில், சீரமைப்பின் முதல் படி வண்டியிலிருந்து எதை இறக்கலாம் என்று பார்ப்பதே.

இரவுக்கு வேண்டிய மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் 12 வாட் விசிறி எட்டு மணி நேரம் சுற்றினால் 8 ஆம்பியர்-மணி. 6 வாட் விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 2 ஆம்பியர்-மணி. இரண்டு கைப்பேசிகளுக்கு மற்றொரு இரண்டரை என வைத்துக்கொண்டால், மொத்தம் பன்னிரண்டரை. இதற்கு 20 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்று போதும். அதன் எடை ஏறத்தாழ மூன்று கிலோ. வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே இரவெல்லாம் மின்சாரம் எடுப்பது சரியன்று. அது ஒரு நொடியில் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. அடிமட்டம் வரை வற்றவைத்தால் விரைவில் கெட்டுவிடும். காலையில் வண்டியும் கிளம்பாது. 'பெரிய பேட்டரி, குளிர்பெட்டி, மின்சார அடுப்பு' என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்கள், முதலில் ஒரு தாளை எடுத்து இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. மூடிய கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ அடுப்பு, கரி, எஞ்சின் எதுவும் எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். மலைக்குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை அடைப்பதைவிட, இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்வது மேல். சாளரத்தைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நம் மூச்சிலுள்ள ஈரமே கூடாரத்தின் உட்புறத்தில் நீராகச் சொட்டும். கொசுவுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டா. கொசுவலைக்குப் பேர்போன கரூர் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்புறத்தில் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி எதிரே நடந்துவரும் மனிதனின் எலும்பை நொறுக்கும். வண்டிக்குள் இருப்பவனின் காற்றுப்பை விரியும் வேளையையும் குழப்பும். வீரனைப்போல் தோன்றுவதற்காக வெட்டி ஒட்டிய வண்டியைவிட, காற்றுச் சரியாக அடைத்த நான்கு டயர்களும், ஒரு நல்ல ஸ்டெப்னியும், முதலுதவிப் பெட்டியும் உள்ள வண்டியே நெடும்பயணத்துக்கு ஏற்ற வண்டி.

ஒரு லட்சத்தைத் தாண்டும் கூடாரத்தை வாங்க இயலாதவன் என்ன செய்வது? காரின் பக்கவாட்டிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீழே ஒரு மடக்குக் கட்டிலைப் போடலாம். ஐந்து கிலோவில் முடிகிற காரியம். நட்சத்திரங்கள் இருவருக்கும் ஒன்றே.

எங்கே நிறுத்துவது?

இதுவரை சொன்னவை எளிய கேள்விகள். கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. கூடாரமும் வண்டியும் ஆயத்தம், எங்கே நிறுத்துவது?

காட்டுக்குள் என்பான் நண்பன். காடு நமக்காக விரித்த பாய் அன்று. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்ததையும், இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தங்குமிடம் ஒன்றின் கூடாரத்தில் இருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். 'தரையில் அடித்த கூடாரம் என்பதால்தானே? நாங்கள் கூரைமேல் அல்லவா இருப்போம்' என்பார்கள். சராசரிக் காரின் கூரை ஐந்தடி உயரம். வளர்ந்த ஆண் யானையின் தோளோ எட்டு ஒன்பது அடி. யானைக்கு நாம் எட்டாத உயரத்தில் இல்லை. அதன் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறோம்!

மலைநகரங்களுக்குப் போகலாம் என்றால், அங்கே வண்டிகளின் நெரிசல் மிகுந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. சரி, நெடுஞ்சாலை ஓரம் என்றால்? ஓரத்தில் நிற்கும் வண்டிமேல் பின்னால் வரும் வண்டி மோதும் செய்தி நாளிதழில் வராத வாரம் உண்டா? கண்ட இடத்தில் நிறுத்திக் குப்பையையும் கழிவையும் விட்டுவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அங்கே நிற்கப்போவது அந்த ஊர் மக்கள்.

ஆக, வண்டிமேல் படுக்கை வைப்பது கடினமன்று. அந்த வண்டியை நிறுத்த முறையான இடம் இல்லாததே கடினம். இதை நான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தந்தையார் லாரி ஓட்டுநர். கூரைக் கூடாரத்தின் படத்தை அவரிடம் காட்டி, "அப்பா, இதோட வெல ஒரு லட்சத்துக்கு மேலயாம்" என்றேன். நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "மேல படுக்கிறது என்னப்பா பெரிசு? கோடையில நாங்க கேபின் மேலதான் படுக்கிறோம். நிப்பாட்ட எடம் யாரு குடுக்கிறா, அதச் சொல்லு" என்றார்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான்.

நமக்கு முன்பே வண்டியில் உறங்குவோர்

காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலம், நாமக்கல், கரூர் வழியாகவே போகிறது. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் நாமக்கல்லும் சங்ககிரியும் நாடறிந்த ஊர்கள். வண்டியை வாழுமிடமாக்கும் கலை நமக்குப் புதிதன்று. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கைப் பலகை, சாமி படத்துக்கு மாடம், துணிமணிக்குப் பெட்டி, பக்கவாட்டில் தண்ணீர்க் கேன், அடியில் ஸ்டவ் வைக்க இடம் என்று எல்லாவற்றையும் நம் ஊர்த் தச்சர்களும் வெல்டர்களும் எந்தப் படமும் பார்க்காமல் செய்து வருகிறார்கள். நாம் விடுமுறையில் நான்கு நாள் செய்ய விரும்புவதை, ஓட்டுநர்கள் ஆண்டில் பாதி நாள் செய்கிறார்கள். நமக்கு அது உல்லாசம். அவர்களுக்கு அது பிழைப்பு.

படுத்தாலும் அவர்களுக்கு உறக்கம் வருகிறதா? ஒரு காது தார்ப்பாய்மேல். ஒரு காது டீசல் டாங்கின்மேல். தார்ப்பாயைக் கிழிப்பவன், டீசலை உறிஞ்சுபவன், பேட்டரியைக் கழற்றுபவன் என்று இரவில் வருவோர் பலர். போதாக்குறைக்கு, 'வண்டியை எடு' என்று கண்ணாடியைத் தட்டும் குரல். இரவெல்லாம் இப்படிக் கண்ணயர்ந்து விழித்தவர் மறுநாள் பத்து மணி நேரம் 25 டன்னை ஓட்ட வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றுக்குக் காரணங்கள் பல. ஆனால் கண் சொக்கிய ஒரு நொடியும் அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுப்பார் யார்? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கும் மேல் ஓடிவிடும்.

சட்டம் இதை எண்ணாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநர்கள் இரவு தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தரவேண்டும் என்று விதித்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கான சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் பணிபுரிவோருக்கு அது எட்டவில்லை. பிறகு அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது.

புதிதாகத் தயாரிக்கப்படும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி வந்திருக்கிறது. எஞ்சின் சூட்டில் வெந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், வரவேற்கிறேன். எனினும் இயற்பியல் மாணவன் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். லாரியின் குளிர்சாதனம் பொதுவாக எஞ்சின் சுழற்சியால் ஓடுவது. எஞ்சினை நிறுத்திவிட்டு உறங்குகிற இரவில் அது ஓடாது. ஓட வேண்டுமானால் டீசலை எரிக்க வேண்டும். பழைய லாரிகளுக்கோ அதுவும் இல்லை. ஆக, இரவுத் தூக்கத்துக்குக் குளிர்ச்சி தரவேண்டியது நிறுத்துமிடத்து மரநிழலும், காற்றும், நாலு குவளைத் தண்ணீரும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீர வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வரும் முழு ஓய்வை வண்டிக்குள் கழிக்கவும் அங்கே தடை உண்டு. வண்டி வீடாகாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது!

பேட்டையும் சுமைதாங்கியும்

இவ்விரு சாராருக்கும், ஊர் சுற்றும் இளைஞனுக்கும் ஊரைச் சுமக்கும் ஓட்டுநருக்கும், தேவை ஒன்றே. அது புதிய பொருளும் அன்று. நம் முன்னோர் அதை வண்டிப்பேட்டை என்றார்கள். மாட்டு வண்டிகள் இரவு தங்க ஊரோரத்தில் ஓரிடம், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, மனிதனுக்கு மரத்தடி. இன்றும் பல ஊர்களில் அப்பெயர் தெருப்பெயராகவும் பேருந்து நிறுத்தப் பெயராகவும் நிற்கிறது. பேட்டைதான் காணாமற் போயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைச் சாலையும் சத்திரமும் அமைத்தவர் என்றே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவற்றினும் உயர்ந்தது சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் யாருடைய கையையும் எதிர்பாராமல் இறக்கி வைக்கவும், மீண்டும் தானே தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். சுமப்பவனின் உடலை அறிந்த ஒருவன் அந்த உயரத்தைக் குறித்திருக்கிறான். வயிற்றுச் சுமையோடு மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை எழுப்பியது நம் மண். இன்று நெடுஞ்சாலை போடுகிற பொறியாளர், சுமப்பவனின் உறக்கத்தை அதே அக்கறையோடு அளந்திருக்கிறாரா?

வெளிநாட்டில் இதற்கு நல்ல சான்று ஜப்பான். அங்கே 'மிச்சி-நோ-எக்கி', அதாவது சாலை நிலையம், என்ற ஏற்பாடு 1993-இல் தொடங்கியது. இன்று 1,200-க்கும் மேற்பட்டவை உள்ளன. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி வண்டி நிறுத்தலாம். கழிப்பறை எந்நேரமும் திறந்திருக்கும். பக்கத்து ஊர் உழவர்களின் காய்கனியும் கைவினைப் பொருளும் அங்கேயே விற்பனை. சாலையில் போகிறவனுக்கு ஓய்வு. சாலையோரத்து ஊருக்கு வருமானம்.

நம் நாட்டிலும் 40 முதல் 60 கி.மீ.க்கு ஒன்றாக வழியோர வசதி மையங்கள் அமைக்கும் திட்டம் இருக்கிறது. ஓட்டுநர்களுக்காக முதற்கட்டத்தில் 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பளபளப்பான உணவுக் கடையும், ஓட்டுநர் நுழையக் கூசும் கண்ணாடிக் கதவும் அமைத்துவிட்டு அதற்கு ஓய்வு மையம் என்று பெயரிடக் கூடாது. லாரி திரும்ப இடமுள்ள தளம், கட்டுப்படியாகும் விலையில் கட்டில், குளிக்கத் தண்ணீர், பெண் பயணிகளும் அச்சமின்றிப் போகக்கூடிய கழிப்பறை, இரவுக் காவல், பத்து வேப்பமரம், ஓர் ஓரத்தில் கூடாரம் விரிக்க நாலு சென்ட் இடம். இவைதான் நான் கேட்கும் வண்டிப்பேட்டை. உழவர் சந்தையை 1999-இல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரப்பிய நமக்கு, அதன் கிளை ஒன்றைச் சாலையோரத்தில் நடுவது அரிதா? சிற்றுண்டிக் கடையை மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் விட்டால், இட்லியின் விலையும் கட்டுக்குள் இருக்கும்.

'கூடாரக்காரனுக்கும் லாரிக்காரருக்கும் ஒரே இடமா?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கார் வைத்திருப்பவனின் குரல் அலுவலகங்களில் சற்று உரக்கக் கேட்கும். அவன் தனக்காகக் கேட்கும் குழாயடியில் ஓட்டுநரும் குளிப்பார் என்றால், அந்தக் குரலுக்கு ஒரு பயன் கிடைக்கும். ஒரு கயிற்றுக் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தால், எந்தப் பாதையில் எங்கே குழி, எந்தக் கணவாயில் எப்போது மூடுபனி என்பதை எந்தக் கைப்பேசியும் சொல்லாத அளவுக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நாம் செய்யக் கூடியது

வேண்டும் வேண்டும் என்று கேட்பதோடு மாணவர் கடமை முடிந்துவிடாது. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஒவ்வோராண்டும் ஏழு நாள் முகாம் நடத்துகிறோம். இவ்வாண்டு முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். நமக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கி.மீ. வரை, இருவர் இருவராகப் பிரிந்து போவோம். இரவில் லாரிகள் எங்கே நிற்கின்றன? அங்கே விளக்கு உண்டா? தண்ணீர் உண்டா? கழிப்பறைக்குப் பூட்டா, திறப்பா? மரம் எத்தனை? புறம்போக்கு நிலம் எங்கே கிடக்கிறது? இவற்றை எழுதி, வரைபடத்தில் குறித்து, மாவட்ட ஆட்சித் தலைவரிடம் நேரில் கொடுப்போம். கணக்குத் துறை நண்பர்கள் அட்டவணை போடட்டும். தாவரவியல் நண்பர்கள் எந்த மரம் விரைவில் நிழல் தரும் என்று சொல்லட்டும். தமிழ்த் துறை நண்பர்கள் மனுவைப் பிழையின்றி எழுதித் தரட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட மறுக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

நண்பர்களே! பட்டம் பெற்று, வேலைக்குப் போய், ஒருநாள் நீங்கள் வண்டி வாங்குவீர்கள். மேலே கூடாரமும் போடுவீர்கள். போடுங்கள், எடையைக் கீழே வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். காட்டை யானைக்கு விட்டுவிட்டுப் பேட்டைக்கு வாருங்கள். அங்கே உங்களுக்கு முன்பே வந்து நிற்கும் லாரியின் கேபின்மேல் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார். காற்றொலிப்பானை அழுத்தாமல், விளக்கைத் தாழ்த்தி, மெல்ல உள்ளே நுழையுங்கள். அவர் நன்றாக உறங்கி எழுந்தால்தான், அடுத்த நாள் சாலையில் உங்கள் உயிருக்கும் காவல்.